எல்லைக் கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு புத்தகம்

காணி வழக்கொன்றிலே நாம் கண்ட காட்சி இது. சாட்சிக் கூண்டில் நின்றவர் படித்த இளைஞர். பாட்டனாரின் வயலுக்குத் தெற்கெல்லை யாது என்று வினவியபோது அவர் வாய் திறந்தாரில்லை. உறுதியிலே குளத்தின் பெயரும் வாய்க்காலின் பெயரும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அவருக்கோ அவையிரண்டும் கேட்டறியாத சொற்கள்!

அவரைக் குறைகூறோம். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 டிசம்பரில் ஊரைவிட்டு விரட்டப்பட்டனர். 2009 இல் போர் முடிந்த பின்னரே அவர்களால் மீள முடிந்தது. இடையிலே ஒரு தலைமுறை ஊரைக் காணாது வளர்ந்துவிட்டது. 1988 இல் மணலாறும் வெலிஓயா ஆயிற்று. பொருளில் மாற்றமில்லை, மணல் மணலாகவும் ஆறு ஆறாகவுமே சிங்களத்தில் நிற்கின்றன. பெயர் சொல்லும் வாய்தான் மாறிற்று.

ஊர்ப்பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார்? அரசாங்கத்தின் பாடநூல் நாடு முழுமைக்கும் ஒன்று. கருநாட்டுக்கேணியை அது அறியாது. நாம் எழுதும் சிறுவர் நூல்கள் மட்டும் அறிந்தனவா? யாழ்ப்பாணத்துப் பனையும் ஆடிக்கூழும் அவற்றிலே உண்டு. வன்னிக் குளத்தின் துருசும் வானும் அலைகரையும் எங்கே? இந்தக் குற்றம் கொழும்பினுடையதன்று, எம்முடையது.

பொருளுக்குப் பஞ்சமுமில்லை. பயிரழிக்கும் பன்றிக்கும் கதிர்கொத்தும் குருவிக்கும் பள்ளுப் பாடிய நாடு வன்னி. பன்றிப் பள்ளும் குருவிப் பள்ளும் படத்தோடு அச்சேறினால் எந்தப் பிள்ளை கீழே வைக்கும்? அரிவி வெட்டுக்கு அரிவுச் சிந்து உண்டு. முல்லைத்தீவிலே கோவலன் கூத்து உண்டு. வற்றாப்பளையிலே கடல்நீரில் விளக்கெரியும் கதையைப் பாட்டிமார் இன்றும் சொல்வர். அக்கண்ணகியையே எல்லைக்கு அப்பாலுள்ள சிங்களக் கமக்காரர் பத்தினித் தெய்வமாக வணங்குகின்றனர். இதனையும் மறையாது எழுதுதல் வேண்டும். அயலானை அறியாத பிள்ளைக்குத் தன் எல்லையும் சரிவரத் தெரியாது.

ஆறுமுக நாவலர் பாலபாடம் எழுதியபோது எந்த அரசாங்கத்தின் உத்தரவுக்குக் காத்திருந்தார்? கமக்காரப் பெரியோர் தத்தம் குளம், வயல், வாய்க்கால் ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லட்டும். ஊர் ஆசிரியர்கள் அவற்றை எழுதட்டும். வழக்கறிஞரும் வைத்தியரும் அச்சுக்கூலியைப் பகிர்ந்துகொள்ளட்டும். எமது பங்கைத் தர நாம் ஆயத்தம். வரும் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை வரும் பிள்ளைகளின் கையில் முதற் புத்தகம் இருத்தல் வேண்டும்.