தொப்புள்கொடிக்கு எந்த மருந்து?

குழந்தை பிறந்த வீட்டில் யோசனை சொல்லுவோருக்குப் பஞ்சமே இல்லை. தொப்புள்கொடி விழுவதற்குள் பாட்டி ஒன்று சொல்லுவாள். அத்தை வேறொன்று சொல்லுவாள். அடுத்த வீட்டம்மாள் இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்றைச் சொல்லுவாள். விளக்கெண்ணெய் என்பார் ஒருவர். மஞ்சள் என்பார் ஒருவர். வசம்பைச் சுட்டுக் கரியாக்கித் தடவு என்பார் இன்னொருவர். நவநாகரிகத்தில் பழகியவர்கள் பவுடரைத் தூவுவார்கள். அல்லது மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கிப் பஞ்சில் நனைத்து வைப்பார்கள். வீட்டு ஆண்மகனோ, இது பெண்டிர் விஷயமென்று திண்ணையில் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் விரிக்கும் பத்திரிகையிலேயே இவ்விஷயத்தை எழுதத் துணிகிறோம்.

தேச காரியங்கள் எத்தனையோ காத்திருக்க, தலையங்கப் பக்கத்தில் தொப்புள்கொடிக்கு இடமா என்று சில நண்பர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். பிறந்த இருபத்தெட்டு நாளைக்குள் மாண்டுபோகும் சிசுக்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் பெரிய தேச காரியம் எது என்று அவர்களையே கேட்கிறோம். 2020-ஆம் வருஷத்துப் பதிவுக் கணக்கின்படி, இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருபது குழந்தைகள் முதல் மாதத்தைக் கடக்கவில்லை. அவ்வாறு மடிவனவற்றுள் ஒரு பகுதி கிருமிகளால் மடிகிறது. அக்கிருமிகள் உட்புகும் வாசல்களில் ஒன்று அறுத்த தொப்புள்கொடி. கொடியை அறுத்ததும் அதன் நுனி உயிரற்ற சதையாகிறது. ஆனால் அதனுள் ஓடிய இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் உடனே முற்றிலும் அடைபட்டு விடுவதில்லை. சில நாள் வரையில் அவை இரத்த ஓட்டத்திற்கு நேர்வழியாகவே இருக்கின்றன. அந்நுனியில் நாம் எதைத் தடவுகிறோமோ அது குழந்தையின் இரத்தத்திற்குப் பக்கத்திலே தடவப்படுகிறது.

சாணமும் சாம்பலும் தடவுவது கிழக்கு நாட்டாரின் அறியாமை என்று மேனாட்டார் சிலர் எழுதுவதுண்டு. ஸ்காட்லாந்தின் மேற்கே கடலில் ஸெயின்ட் கில்டா என்றொரு தீவு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை எட்டாம் நாள் வாக்கில் தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்து மாண்டன. அந்நோய்க்கு 'எட்டாம் நாள் வியாதி' என்றே பெயர். தீவினரோ அதை ஈசுவர சித்தம் என்று ஏற்றுக்கொண்டு கிடந்தனர். அது தொப்புள் வழியே புகுந்த தனுர்வாதந்தான். பாதிரி ஒருவர் பிரசவத்தில் கிருமிநாசினி முறையைக் கற்றுக்கொண்டு வந்து புகுத்தினார். 1891-க்குப் பின் அந்நோய் அங்கிருந்து ஓடிப்போயிற்று. அறியாமைக்கு நிறமும் இல்லை, திசையும் இல்லை. நம் தேசத்தில் தாய்மார்களுக்குத் தடுப்பூசி போட்டும், சுத்தமான பிளேடால் கொடியை அறுக்கச் செய்தும் இந்நோயை அடக்கினோம். 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் தனுர்வாதம் ஒழிந்ததாலேயே தொப்புள் வாசல் அடைபட்டுவிடவில்லை; மற்றக் கிருமிகள் இருக்கின்றன.

இனி மருந்துக்கு வருவோம். 1998-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஆராய்ந்து, கொடியைச் சுத்தமாகவும் உலர்ந்தும் வைத்திருந்தால் போதும், மேலே எதுவும் தடவவேண்டாம் என்று கூறிற்று. ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைக்கு அது தக்க யோசனை. மண்தரையில் பிறக்கும் குழந்தைக்கும் அது தகுமா? இக்கேள்விக்கு விடை தேடி நேபாளத்தின் தெற்கிலுள்ள ஸர்லாஹி ஜில்லாவில் 2002 முதல் 2005 வரை ஒரு பரீட்சை நடந்தது. அங்கே பத்தில் ஒன்பது பிரசவம் வீட்டிலேதான்; பிறந்த குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பது எங்கும் வழக்கம். பதினையாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை ஊர் ஊராக மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினிக் கரைசல். ஒரு பிரிவுக்குச் சோப்பும் தண்ணீரும். மூன்றாவதற்கு ஒன்றுமில்லை, உலர விட்டார்கள்.

முடிவைக் கண்டு நாமும் வியந்தோம். குளோர்ஹெக்ஸிடின் பூசிய குழந்தைகளில், உலர விடப்பட்டவற்றைக் காட்டிலும், தொப்புளின் கடுமையான அழற்சி நூற்றுக்கு 75 குறைந்தது. மரணம் நூற்றுக்கு 24 குறைந்தது. பிறந்த ஒரு நாளுக்குள் பூசத் தொடங்கிய குழந்தைகளிலோ மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கொடி விழுவதற்கு மட்டும் சுமார் ஒரு நாள் அதிகமாயிற்று. எல்லாரும் நம்பும் சோப்பும் தண்ணீரும் ஒரு பயனும் தரவில்லை! கழுவினால் சுத்தம் என்று நாம் கொண்டிருந்த எண்ணம் தொப்புள் விஷயத்தில் பலிக்கவில்லை. ஈரப்படுத்திய சதை மறுபடி உலரவேண்டும். கிருமிக்கு ஈரமே பிரியம்.

இம்மருந்து புதிதன்று, 1954 முதல் விற்பனையில் இருப்பது. விலையும் சொற்பம். நேபாள சர்க்கார் தம் நாட்டிலேயே அதைக் களிம்பாகச் செய்வித்துக் கிராமச் சுகாதாரத் தொண்டுப் பெண்கள் மூலம் வீடுதோறும் சேர்ப்பித்தது பாராட்டத் தக்கது. அங்கே அதற்கு 'நாவி மலம்' என்று பெயர். அம்மொழியில் மலம் என்றால் களிம்பு. சாணத்தை விலக்க வந்த மருந்துக்கு இப்பெயரா என்று தமிழர் நகைக்கலாம். மருந்தின் குணத்திற்கு அதனால் குறைவில்லை.

இதன் பிறகு வங்காள தேசத்து ஸில்ஹெட்டிலும் பாகிஸ்தானத்து ஸிந்து மாகாணத்திலும் நடந்த பரீட்சைகளின் முடிவுகள் 2012-ல் வெளியாயின. ஸிந்துவில் மரணம் நூற்றுக்கு 38 குறைந்தது. ஸில்ஹெட்டில் பிறந்த அன்று ஒரே முறை பூசியவர்களிடம் நூற்றுக்கு 20 குறைந்தது. ஆனால் ஏழு நாளும் பூசியவர்களிடம் நிச்சயமாகச் சொல்லத்தக்க குறைவு தென்படவில்லை! இது விசித்திரமான முடிவு. மருந்தின் கட்சியைப் பேசுவோர் இதைச் சொல்லாமல் நழுவிவிடுவதை நாம் கவனித்திருக்கிறோம்.

அடுத்து ஆப்பிரிக்காவில், ஜாம்பியாவிலும் தான்ஸானியாவைச் சேர்ந்த பெம்பாத் தீவிலும் இதே மருந்தைப் பல்லாயிரம் குழந்தைகளுக்குப் பூசிப் பார்த்தார்கள். 2016-ல் வெளியான அவ்விரு முடிவுகளிலும் மரணம் குறைந்ததாகத் திட்டமாகக் கூற இடமில்லை. மருந்து ஒன்றுதான், நாடு மாறிற்று, பலனும் மாறிற்று. அவ்விடங்களில் சிசு மரணம் முன்னரே தெற்காசிய ஊர்களைவிடக் குறைவு. ஆஸ்பத்திரிப் பிரசவமும் அதிகம். ஆபத்து மிகுந்த இடத்தில்தான் காவலுக்கு வேலை. இதுவே காரணமென்று நாம் கருதுகிறோம்.

மற்ற மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஸ்பிரிட் பல ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலம் வழக்கத்திலிருந்தது. கானடாவில் 1998-ல் வெளியான ஆராய்ச்சியில், ஸ்பிரிட் வைத்த கொடி விழச் சுமார் பத்து நாள் ஆயிற்று. சும்மா விட்டது எட்டு நாளில் விழுந்தது. அயோடின் கலந்த மருந்து பச்சிளங் குழந்தையின் தோல் வழியே உட்சென்று தைராய்டு சுரப்பியின் வேலையைக் குலைக்கக்கூடும். ஒரு காலத்தில் பிரசவ ஆஸ்பத்திரிகளில் கொண்டாடப்பட்ட ஹெக்ஸாக்ளோரோபீன் கதை இன்னும் கொடியது. பிரான்ஸில் 1972-ல் அது தவறுதலாக அளவு மீறிக் கலந்த குழந்தைப் பவுடரால் 36 குழந்தைகள் மாண்டன. கிருமியைக் கொல்வதெல்லாம் குழந்தைக்கு நல்லதன்று.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி உலக சுகாதார ஸ்தாபனம் தன் யோசனையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. முதல் மாத மரணம் ஆயிரத்துக்கு முப்பதும் அதற்கு மேலும் உள்ள இடங்களில், வீட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் வாரம் தினந்தோறும் குளோர்ஹெக்ஸிடின் பூசுக என்று 2014-ல் கூறிற்று. 2022-ல் இன்னும் தெளிவாயிற்று: பொதுவாக எதுவும் தடவாமல் உலர விடுக, சாணம் போன்ற கேடான பொருள்களைத் தடவும் வழக்கம் பரவியுள்ள இடங்களில் மட்டும் மருந்தைப் பூசுக.

நம் தேசத்திற்கு இதில் எது பொருந்தும்? இரண்டும் பொருந்தும் என்பதே நமது துணிபு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரிகளில் நடந்தனவாகக் கண்டது. அதே கணக்கில் பீஹாரில் 76, மேகாலயத்தில் 58, நாகாலாந்தில் பாதிகூட இல்லை. தேசம் முழுவதற்கும் சராசரி போட்டு ஒரே உத்தரவை அனுப்புவது டில்லிக்குச் சுலபம். மண்தரையில் பிறக்கும் குழந்தைக்கு அச்சராசரி உதவாது. வீட்டுப் பிரசவம் மிகுந்து, சாணமும் சாம்பலும் எண்ணெயும் தடவும் ஜில்லாக்கள் எவை என்று விசாரித்து, அங்கே மட்டும் இம்மருந்தைக் கிராமச் சுகாதார ஊழியர் கையில் இலவசமாகக் கொடுக்கவேண்டும். 'எதையும் தடவாதே' என்று கிழவியிடம் வாதாடித் தோற்பதைவிட, 'இதைத் தடவு' என்று ஒன்றைக் கையில் கொடுப்பது எளிது. வெறுங்கையோடு இருக்க எந்தக் கிழவியும் சம்மதியாள்.

தமிழ்நாட்டாருக்கு நாம் சொல்வது நேர்மாறானது. ஆஸ்பத்திரியில் பிறந்து, சுத்தமாகக் கொடி அறுத்துக் கவ்வி போட்டுக் கொடுத்த குழந்தைக்கு ஸ்பிரிட்டும் வேண்டாம், குளோர்ஹெக்ஸிடினும் வேண்டாம், வசம்புக் கரியும் வேண்டாம். அடித்துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டிக் காற்றுப்பட விடுங்கள். கையைக் கழுவிக்கொண்டு குழந்தையைத் தொடுங்கள். தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்தாலும், சீழோ துர்நாற்றமோ கண்டாலும், இரத்தம் நில்லாமல் கசிந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் அன்றே வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள். விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். இதைச் சொல்லித் தாயை வீட்டுக்கு அனுப்பும் ஆஸ்பத்திரிகள் பல இருக்கின்றன. ஒன்றும் சொல்லாமல் ஒரு மருந்துப் புட்டியை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுப்பவையும் இருக்கின்றன; பின்னவற்றை நாம் கண்டிக்கிறோம்.

வடக்கே மருந்தை வழங்கப்போகும் அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் இக்கரைசலைச் சிறு சொட்டுப் புட்டியில் அடைத்துக் கொடுத்தார்கள். கண் மருந்தும் அதே தோற்றமுள்ள புட்டியில் வருவது. தாய்மார்கள் சிலர் இதைக் குழந்தையின் கண்ணில் விட்டுவிட்டார்கள், விழிகள் வெந்துபோயின. 2018-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. ஆகையால் கரைசலாக வேண்டாம், களிம்பாகவே குழாயில் அடைத்துக் கொடுங்கள். அதன் மேல் இங்கிலீஷில் மட்டும் அச்சிடாமல், அந்தந்த மாகாணத்தின் பாஷையிலும், எழுத்தறியாதவருக்காகத் தொப்புளின் படத்தோடும், கண்ணில் விடாதே என்னும் அடையாளத்தோடும் அச்சிடுங்கள்.