பச்சைக் குழந்தையிலேயே தொடங்கும் சிறுநீர்ப்பை வித்தியாசம்: காஞ்சிபுரம் பட்டுக்கடைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பிறந்த எலிக்குட்டியால் தானாக யூரின் போக முடியாது, தெரியுமா? தாய் எலி நக்கிவிட்டால்தான் போகும். அந்தத் தொடுதல் முதுகுத்தண்டு வழியாகப் போய் சிறுநீர்ப்பையைச் சுருக்குகிறது. மூளை இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள சுமார் 3 வாரம் ஆகும். அதுவரை அந்தத் தசை சும்மா இருப்பதில்லை. தனியே எடுத்து வைத்தால்கூட, மெதுவான தாளத்தில் தானாகவே சுருங்கி விரியும். வளர வளர இது அடங்கிவிடும். முதுகுத்தண்டில் அடிபட்ட பெரிய எலிக்கு அதே துடிப்பு திரும்பி வருகிறது. ஆராய்ச்சியாளர்கள் குட்டிகளை விடாமல் கவனிப்பது இதனால்தான்.

சரி, ஆண் பெண் வித்தியாசம்? கைக்குழந்தைகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். யூரின் போகும்போது ஆண் குழந்தையின் சிறுநீர்ப்பை அழுத்தம் பெண் குழந்தையைவிட அதிகம். முதல் சில மாதங்களில் யூரினரி இன்ஃபெக்‌ஷனும் ஆண் குழந்தைகளுக்குத்தான் கூடுதல். ஒரு வயது தாண்டியதும் கணக்கு அப்படியே தலைகீழ். பெண்ணின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ., ஆணுக்கு சுமார் 20 செ.மீ. கிருமிக்கு எந்த வழி சுலபம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஆய்வகங்கள் ரொம்ப காலம் ஆண் எலியை வைத்தே ஓட்டிவிட்டன. நரம்பியலில் ஆண் விலங்கை மட்டும் வைத்த ஆய்வுகள், பெண் விலங்கை மட்டும் வைத்தவற்றைப்போல 5.5 மடங்கு என்று 2011-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பு சொன்னது. தான் நிதி தரும் ஆய்வுகளில் இரண்டு பாலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் விதி 2016-ல்தான் அமலுக்கு வந்தது. அவ்வளவு லேட்!

எலியை விடுங்கள், கடைக்கு வாங்க. முகூர்த்த சீசனில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் கூட்டம் அலைமோதும். புடவையைப் பிரித்துக் காட்டும் அக்காவுக்கு பிரேக் எப்போது? பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துக்கொள்வது இந்த மாதிரி வேலைகளில் சகஜம். தண்ணீர் குறைவு, அடக்கி வைப்பது, குட்டையான சிறுநீர்க் குழாய் - மூன்றும் சேர்ந்தால் இன்ஃபெக்‌ஷனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை கட்டாயம் என்றார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தத் திருத்தம் பேசுவது நாற்காலியைப் பற்றி மட்டுமே. தொழிற்சாலை என்றால் சட்டப்படி கழிப்பறை கட்டாயம்; வீட்டுக்குள் குழித்தறியில் மணிக்கணக்கில் உட்காரும் நெசவாளப் பெண்ணுக்கு அதுவும் பொருந்தாது.

இங்கே ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா’ என்பது பதிலே இல்லை. பெண் ஊழியர்களுக்குத் தனி பாத்ரூம், சீசனிலும் மாற்றி மாற்றி பிரேக், கேட்டால் முகம் சுளிக்காத சூப்பர்வைசர். லட்சங்களில் பில் போடும் கடைகளுக்கு இது பெரிய செலவே கிடையாது. தொழிலாளர் துறை ஆய்வுக்குப் போகும்போது நாற்காலியோடு சேர்த்து பாத்ரூம் கதவையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.