லயத்துக் குப்பைக்கு யார் பொறுப்பு?

பட்டணத்துத் தாமான் வீட்டுக் குப்பை வாரத்தில் மூன்று நாள் வாசலிலிருந்து போய்விடுகிறது. தோட்டத்து லயத்துக் குப்பையோ லயத்தின் பின்புறமே கிடந்து அழுகுகிறது. இருவரும் மலாக்கா மாநிலத்தில் வாழ்பவர்களே. ஏன் இந்த வேற்றுமை?

2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் முதல் நாள் மலாக்காவில் நடப்புக்கு வந்தது. குப்பை அள்ளும் வேலை ஊராட்சி மன்றங்களின் கையிலிருந்து குத்தகை நிறுவனத்திடம் சென்றது. சாதாரணக் குப்பைக்கு வாரம் இரண்டு நாள், திரும்பப் பயன்படும் பொருள்களுக்கு ஒரு நாள் என முறையும் வகுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாமறிந்த தோட்டங்கள் சிலவற்றில் அந்த லாரி கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. கேட்டால், "தனியார் நிலம்" என்று ஒரு பதில். தோட்ட நிருவாகத்தைக் கேட்டால், "அது நகராண்மைக் கழகத்தின் வேலை" என்று மறு பதில். இரண்டு பதிலுக்கும் நடுவே குழந்தைகள் விளையாடுகின்றன.

சட்டம் இவ்விஷயத்தில் ஊமையாக இல்லை. தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தோட்ட நிர்வாகி வாரம் ஒரு முறையாவது குடியிருப்புகளைத் தாமோ, பொறுப்பானவர் மூலமோ பார்வையிட வேண்டும். கால்வாய் சுத்தமாக உள்ளதா, குப்பை முறைப்படி அகற்றப்படுகிறதா என்று கவனிக்க வேண்டும். வாரம் என்பதற்குப் பொருள் உண்டு. டிங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். பழைய டின், டயர், மழைநீர் நிற்கும் பால் மங்கு ஆகியவையே அதற்குத் தொட்டில்.

குப்பையை என்ன செய்வது என்று பெரிய பெரிய திட்டங்கள் பேசப்படுகின்றன. அவற்றில் எது முந்தியது, எது பிந்தியது என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, ஒழுங்காக அள்ளுவது. அள்ளாத ஊரில் வேறெந்தத் திட்டமும் வீண்.

இரண்டாவது, பிரிப்பது. 2012-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய 45 விழுக்காடு உணவுக் கழிவே. தோட்டத்தில் அதற்கு இடமும் மண்ணும் உண்டு. மூடிய குழியில் மக்க வைத்தால் கீரைப் பாத்திக்கு எருவாகும். டின்னையும் தாளையும் போத்தலையும் விற்றால் காசாகும்.

மூன்றாவது, மிஞ்சியதைச் சுங்கை ஊடாங் குப்பை நிலத்துக்கு அனுப்புவது.

எரியுலை கடைசியிலேயே வர வேண்டும். ஈரக் குப்பை எளிதில் எரியாது. மேலும், பெரும் பொருள் செலவிட்டுக் கட்டிய உலைக்கு நாள்தோறும் குப்பை வேண்டும். அப்போது குப்பையைக் குறைப்பதில் யாருக்கு அக்கறை இருக்கும்?

லயத்தில் நெருப்பு வைப்பதும் வழியன்று. திறந்தவெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் தடுக்கிறது. பிளாஸ்டிக் புகை முதலில் ஏறுவது நம் பிள்ளைகளின் நெஞ்சில்தான். இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்வோம்.

மலாக்காவில் மாநகர் மன்றம் ஒன்றும், அலோர் காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகங்களும் உள்ளன. இவற்றின் உறுப்பினர்களை நாம் வாக்களித்து அனுப்புவதில்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. மாநில அரசாங்கமே உறுப்பினர்களை நியமிக்கிறது. வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் சங்கமே நம் குரல்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று காரியம் செய்யட்டும். வாரப் பார்வை நடந்த நாளை ஒரு நோட்டில் குறித்து வரட்டும். நடக்காவிடில் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதட்டும். லாரி லயம் வரை வர நிருவாகமும் நகராண்மைக் கழகமும் ஒரே மேசையில் உட்கார வேண்டுமென்று மனுச் செய்யட்டும். லயம் கூட்டும் வாசக்கூட்டிக்குக் கையுறையும் காலணியும் கேட்க மறவாதீர். அவரும் நம் தோழரே.

1896-இல் இந்நாட்டின் வாணிப ரப்பர்த் தோட்டம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் தொடங்கியது. பால் ஏற்றிச் செல்ல அன்று முதல் தோட்டத்துக்கு வண்டி வரத் தவறியதில்லை. குப்பை ஏற்றவும் ஒரு வண்டி வரட்டும்!