அது ஊர் அரசியல் இல்லை, டீச்சர்

பொதுத்தேர்தல் என்றால் ஆசிரியர்கள் நாங்கள் முந்தைய நாளே வாக்குச்சாவடிக்குப் போய்விடுகிறோம். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தல் என்றால் மட்டும் "அது ஊர் அரசியல்" என்று ஒதுங்குகிறோம். இந்த ஒதுங்கலும் ஆதிக்கச் சாதிக்குப் போடும் ஓட்டுதான்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21: குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதாச்சார இடம். என் பள்ளியிலோ பட்டியல் ஊர்த்தெருவோடு முடிந்தது. காலனிக்குத் தேதியே போகவில்லை. சொல்லாதவர்களில் நானும் ஒருத்தி. யார் வீட்டுப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ அனுப்புகிறார்கள் என்று அந்தக் குழுவில் யார் கேட்பார்?

அடுத்த முறை கூட்டத்தை ஞாயிறுக்கு மாற்ற மல்லுக்கட்டினேன் (வேலைநாளில் கூலியை விட்டு யார் வருவார்?). வீடுவீடாகப் போய்ச் சொன்னேன். காலனியிலிருந்து இரண்டு அம்மாக்கள் தேர்வானார்கள். முதல் கூட்டத்திலேயே ஒருவர் கழிவறையைப் பற்றித்தான் கேட்டார்.