ஈட்டி ஏந்தியவன் மட்டுமா போனான்?

"பொம்புளப் புள்ளைகள் தூர இடங்களுக்குப் போறது இந்தக் காலத்துப் பழக்கம்" என்றார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமி ஒருவர். அப்போது என் மடியில் இருந்தது, ஆதி மனிதர் புதிய கண்டங்களில் குடியேறியதைப் பற்றிய ஒரு நூல். அதன் படத்திலும் மாமியின் கருத்துத்தான் இருந்தது. முன்னால் ஈட்டியுடன் ஓர் ஆண், பின்னால் இன்னும் சில ஆண்கள். பெண்ணைக் காணவேயில்லை.

இந்தப் படம் பிழை என்பது என் கருத்து.

அவுஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் அங்கு சேர்ந்துவிட்டனர். அன்று கடல்மட்டம் தாழ்ந்திருந்தது; நியூகினியும் அவுஸ்திரேலியாவும் ஒரே நிலமாக இருந்தன. ஆனாலும் இன்றைய இந்தோனேசியத் தீவுகளின் பக்கமிருந்து போவதற்குத் திறந்த கடலைக் கடந்தே ஆகவேண்டும். அங்கு சந்ததி அழியாமல் நிலைக்கக் குறைந்தது 1,300 பேராவது, ஒரே தடவையிலோ தலைமுறை தலைமுறையாகவோ, போயிருக்க வேண்டும் என 2019இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. புயலில் ஒதுங்கிய நாலு ஆண்களால் ஒரு கண்டத்தில் குடியேற முடியாது. அந்த ஓடங்களில் தாய்மார் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள்.

அமெரிக்காவில் இதற்குக் காலடியே சாட்சி. நியூ மெக்சிக்கோவின் வைட் சாண்ட்ஸில், வற்றிப்போன ஓர் ஏரிப் படுகையில், 10,000 ஆண்டுகளுக்கும் முந்திய தடங்கள் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை நீள்கின்றன. அவை ஒரு பெண்ணுடையவை, அல்லது என் வயதையொத்த ஓர் இளையவருடையவை. வழுக்கும் சேற்றில் வேகமாக நடந்திருக்கிறார். இடையிடையே மூன்று வயதுக்கும் குறைந்த ஒரு குழந்தையின் சின்னஞ்சிறு பாதங்கள். களைத்துப்போய் இறக்கிவிட்டிருப்பார் போலும். (தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போன எனக்கு அது நன்றாக விளங்கும்.) அவர் போன பின் ஒரு மம்மூத் யானை அந்தத் தடத்தைக் குறுக்கே மிதித்துச் சென்றிருக்கிறது. அவர் அதே வழியால் திரும்பியும் வந்திருக்கிறார், குழந்தை இல்லாமல். யாரிடமோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும்.

மாமியிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

நானா பல்கலைக்கழகம் போகும்போது தூரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் முதலாவதாகத் தெரிவுசெய்யப்போகும் பல்கலைக்கழகம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏழு மணித்தியாலம். இந்தச் சஞ்சிகை வாப்பாவின் கைக்கும் போகும். அவர் அதை இங்கேயே வாசித்து அறிந்துகொள்ளட்டும்.