தர்மமா, வியாபாரமா?



ஆடித்தபசு முடிந்ததும் நம் ஊர்க் கடைகளில் ஒரு பேச்சு நடக்கும். யார் எவ்வளவு உபயம் கொடுத்தார், யார் பெயர் நோட்டீசில் மேலே வந்தது, யார் பெயர் விட்டுப்போயிற்று என்பதே அந்தப் பேச்சு. நாமும் அதில் கலந்துகொண்டவர்தாம். ஆகவே, யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கிட்டங்கியில் வத்தல் மூட்டைகள் தேங்கிக் கிடந்தன. விலை ஏறினால் அன்னதானம் செய்வதாக நேர்ந்துகொண்டோம். விலை ஏறியது, சொன்னபடி செய்தோம். பந்தியில் இருந்த ஒரு வயதான அம்மாள், "வத்தல் விக்கிற விலையில வீட்டுல குழம்பு வைக்க முடியலை ஐயா. இங்கேதான் வயிறாரச் சாப்பிட்டேன். நல்லா இருங்க" என்றார். வாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் அன்று நமக்குச் சோறு இறங்கவில்லை. அவர் அடுப்பில் குறைந்ததைத்தானே அவர் இலையில் வைத்தோம்?

நம் பக்கத்துப் பொதிகை மலைநாட்டை ஆண்ட வள்ளல் ஆய் அண்டிரன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் புகழ்ந்து பாடியது புறநானூற்றின் 134ஆம் பாட்டு. மறுபிறவியில் பலன் வரும் என்று கணக்குப் பார்த்து அறத்தை விற்கும் வியாபாரி அல்லன் ஆய் என்கிறார் புலவர். கணக்குப் பார்த்துக் கொடுப்பவனுக்கு அவர் சொன்ன உவமை நம் தொழில்தான். கோபப்படாமல் யோசிக்க வேண்டிய வார்த்தை அது.

எந்த எண்ணத்தில் கொடுத்தால் என்ன, பசித்தவன் வயிறு நிறைந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெயருக்காகக் கொடுப்பது, பெயர் போடாத ஆண்டில் நின்றுவிடும். 2017இல் ரொக்க நன்கொடைக்கான வரிச்சலுகை வரம்பு 10,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகக் குறைந்தபோது, நாமே ஒருமுறை கையைச் சுருக்கிக்கொண்டோம். பசி மட்டும் சுருங்கவில்லை.

இதற்கு நம் பெரியவர்கள் கண்ட வழி மகமை. லாபமோ நஷ்டமோ, மூட்டைக்கு இவ்வளவு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். அது தனி ஒருவர் பெயரில் போகாது. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை வியாபாரிகளின் மகமையாலும் வீட்டுக்கு வீடு திரட்டிய பிடி அரிசியாலும் வளர்ந்தது. நம் இஸ்லாமிய வியாபார நண்பர்களும் நூற்றுக்கு இரண்டரை ஜகாத்தைக் கடமையாகவே ஒதுக்குகிறார்கள். கடமை என்று வைத்துவிட்டால், அன்றைய மனநிலையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தபசுக் காட்சி நேரத்தில் விவசாயிகள் தம் நிலத்தில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் அள்ளிச் சூறை விடுவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். எந்தப் பிடி யார் கையிலிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ரசீதும் கிடையாது. அந்தச் சரக்கை வாங்கி விற்றுப் பிழைக்கும் நாம், அவர்களிடம் இதையும் கொள்முதல் செய்யலாம்.

நாள்வழிக் கணக்கில் 'மகமை' என்ற பத்தியை அன்பர்கள் மீண்டும் திறக்க வேண்டுகிறோம். நாம் இந்த ஆடி முதல் திறந்துவிட்டோம். எவ்வளவு என்று மட்டும் சொல்லப்போவதில்லை.