சோலார் பேனல்: ஒரே தெருவில் ஏன் இத்தனை விலை?

மொட்டை மாடியில் அடிக்கும் வெயிலை மின்சாரம் ஆக்கலாம். கரண்ட் பில் குறையும். இது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

ஆனால் விலை கேட்கப் போனால் தலை சுற்றுகிறது! அதே 3 கிலோவாட்டுக்கு ஒரு கம்பெனி ஒரு விலை சொல்கிறது. அடுத்த கம்பெனி பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறது. மூன்றாவது ஆள், "இரண்டு பேரையும் விடக் குறைத்துத் தருகிறேன்" என்கிறார்.

யாரை நம்புவது?

விலை குறைவு என்பதற்காக மட்டும் யாரையும் நம்பக் கூடாது. சோலார் பேனல் 25 ஆண்டு உழைக்க வேண்டிய பொருள். இன்று மிச்சம் பிடிக்கும் பணம், நாளை இரண்டு மடங்காகக் கையை விட்டுப் போகலாம்.

பேனல் மட்டும் அல்ல

கூரையில் தெரிவது பேனல்தான். ஆனால் கொடுக்கும் பணம் அதற்கு மட்டும் அல்ல.

பேனலில் இருந்து வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது இன்வர்ட்டர். பேனலைத் தாங்குவது இரும்புச் சட்டம். இவை தவிர ஒயர், எர்த், இடிதாங்கி, வேலைக் கூலி எல்லாம் உண்டு.

விலையைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கை வைப்பார்கள். துத்தநாகம் பூசாத இரும்பு, உப்புக் காற்று வீசும் கடலோர ஊர்களில் சீக்கிரம் துருப்பிடிக்கும். 2016-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையை உலுக்கிய வர்தா புயலை மறந்துவிட முடியுமா? அப்படி ஒரு காற்றில் சட்டம் பெயர்ந்தால் பேனலும் போகும். பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து!

மானியம் யாருக்கு?

2024-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு "பி.எம். சூர்ய கர்" திட்டத்தைத் தொடங்கியது. அதில் 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம் ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம் ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போடுகிறவர்களுக்கு 78 ஆயிரம் ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பேனலுக்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல் வைத்த பேனலை விட இதற்கு விலை அதிகம். மலிவாகக் கிடைக்கிறதே என்று மற்றதை வாங்கினால் மானியம் கிடைக்காது!

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் விலை, மானியத்தைக் கழித்த விலையா, கழிக்காத விலையா? இதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

போன வருட விலை இந்த வருடம் இல்லை

"எங்கள் மாமா போட்டபோது இவ்வளவுதானே ஆயிற்று?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு இன்று உதவாது.

பேனலுக்கு மூலப்பொருள் சிலிக்கான். உலகத்தில் அதிகமாகப் பேனல் செய்யும் நாடு சீனா. சிலிக்கான் விலை 2021-ல் ஏறியது, 2023-ல் சரிந்தது. இந்தியாவில் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுப் பேனலுக்கு 40 சதவீதச் சுங்கவரி வந்தது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இப்படி விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

எல்லோருக்கும் தேவையா?

தேவை இல்லை என்பதே உண்மை!

1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 720 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டெலிவிஷன் உள்ள குடும்பம் கடன் வாங்கிப் பேனல் போட்டால், வட்டி கட்டத்தான் சரியாக இருக்கும்.

ஏ.சி. ஓடும் வீடு, 500 யூனிட்டைத் தாண்டும் வீடு என்றால் கணக்கு வேறு. அங்கே போட்ட பணம் திரும்பி வரும்.

இடத்தையும் பார்க்க வேண்டும். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத மாடி வேண்டும். தென்னை மரத்தின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும், அதோடு சேர்ந்த வரிசையில் மின்சாரம் குறையலாம்.

இன்னும் ஒன்று. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும்! கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இதை முன்கூட்டியே சொல்லாமல் விற்பது நியாயம் அல்ல.

கேட்க வேண்டிய கேள்விகள்

மொத்த விலையை வாட் கணக்கால் வகுத்துப் பார்க்க வேண்டும். 3 கிலோவாட் என்பது 3,000 வாட். 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் என்றால் வாட்டுக்கு 60 ரூபாய். எல்லாக் கம்பெனி விலையையும் இப்படி வகுத்தால் வித்தியாசம் தெரியும்.

வித்தியாசம் ஏன் என்று பிறகு கேட்க வேண்டும். பேனல் எந்த கம்பெனி? இன்வர்ட்டருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? சட்டம் எந்த இரும்பு? மீட்டர் மாற்றும் செலவு யாருடையது? பழுதானால் மாடி ஏறி வந்து பார்ப்பது யார்?

பதில்கள் வாய்ச்சொல்லாக இருந்தால் போதாது. தாளில் வேண்டும். மளிகைக் கடைக்காரர் கூடப் பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தருகிறார். லட்ச ரூபாய் வியாபாரத்தில் "மொத்தமாக இவ்வளவு" என்று ஒரே வரியில் முடிக்கலாமா?

ஒவ்வொரு சோலார் கம்பெனியும் பொருள்வாரியாக விலைப்பட்டியலைத் தமிழில் தர வேண்டும். அரசாங்கம் இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும். அதுவரை, பட்டியல் தராத கம்பெனிக்குக் குடும்பங்கள் தங்கள் சேமிப்பைத் தரக் கூடாது.